பொதுக்கிணற்றுக்கு வேலி போடலாமா?



'ஸ்நோ ஒயிட்' இளவரசியை வரையுங்கள் என்று எந்த வகுப்பில் சொன்னாலும் பெரும்பாலான மாணவர்கள் ஒரே படத்தைத்தான் வரைவார்கள். நீலநிற மேலாடை, மஞ்சள்நிறப் பாவாடை, தலையில் சிவப்பு நாடா. யாராவது ஒரு குழந்தை பச்சைநிறப் பாவாடை தீட்டிவிட்டால், பக்கத்தில் இருக்கும் குழந்தை "அது தப்பு" என்று திருத்தும். செருமானிய நாட்டில் கிரிம் உடன்பிறப்புகள் 1812ஆம் ஆண்டில் அச்சிட்ட கதையில் அந்த மஞ்சள் பாவாடை கிடையாது. அது 1937இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தீட்டப்பட்டது. ஊரெல்லாம் வாய்வழியாகச் சொல்லிவந்த கதை ஒன்றில் எது சரி, எது தப்பு என்று முடிவு செய்யும் அதிகாரம் ஒரு நிறுவனத்தின் கைக்கு எப்படிப் போனது?

இக்கேள்வியைத்தான் இன்று எழுப்ப விரும்புகிறேன். வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் குடும்பப் படங்களையும் அசைவூட்டப் படங்களையும், அதாவது நாம் கார்ட்டூன் படங்கள் என்று வழங்குபவற்றையும், நம் பிள்ளைகள் பார்த்து வளர்கிறார்கள். பார்க்கட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், அந்நிறுவனம் ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் இறைத்துத் தன் தோட்டத்தை வளர்த்துக் கொண்டது. தோட்டம் செழித்த பிறகு, அதன் ஓடைநீர் ஊருக்குத் திரும்பாதபடி வேலி போட்டது. இதுதான் என் குற்றச்சாட்டு. இதை வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லாமல் சான்றுகளோடு வைக்கிறேன்.

கலையை மறுக்கவில்லை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். டிஸ்னி படங்களின் கலைத்திறனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1937 டிசம்பர் 21ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 'ஸ்நோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதற்கு முன்னர், கையால் வரைந்த படங்களைக் கொண்டு முழுநீளக் கதைப்படம் எடுத்தால் எவரும் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கமாட்டார்கள் என்று திரையுலகத்தார் நகைத்தனர். அந்த நகைப்பை அப்படம் பொய்யாக்கியது. வால்ட் டிஸ்னிக்குப் பெரிய ஆஸ்கார் சிலை ஒன்றும் சிறிய சிலைகள் ஏழும் வழங்கிச் சிறப்பித்தார்கள். 'பினோக்கியோ', 'பேண்டசியா' (1940), 'டம்போ' (1941), 'பேம்பி' (1942) எனத் தொடர்ந்து வந்த படங்களில் இருக்கும் உழைப்பு வியப்புக்குரியது. காட்டில் மழை பெய்வதை ஓவியத்தால் காட்டிய 'பேம்பி' படத்தை இன்று பார்த்தாலும் மனம் நெகிழும்.

ஆனாலும், முழுநீள அசைவூட்டப் படமே டிஸ்னியின் கண்டுபிடிப்பு என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடக்கூடாது. செருமானியப் பெண் கலைஞர் லோட்டே ரைனிகர், கறுப்புத் தாளைக் கத்தரித்து உருவங்கள் செய்து 'இளவரசர் அகமதுவின் சாகசங்கள்' என்ற படத்தை 1926இலேயே வெளியிட்டார். ஆயிரத்தொரு இரவுகள் கதைகளைத் தழுவிய அப்படம் ஸ்நோ ஒயிட்டுக்குப் பதினோர் ஆண்டுகள் மூத்தது. கிளந்தானில் வாயாங் கூலிட் நிழற்கூத்தைக் கண்டவர்களுக்கு அப்படம் அந்நியமாகத் தோன்றாது. கலை யாருக்கும் தனியுடைமை அன்று, கதையும் அப்படித்தான்.

இறைத்த நீர் எவ்வளவு?

டிஸ்னியின் புகழ்பெற்ற படங்களைப் பட்டியலிட்டுப் பாருங்கள். 'ஸ்நோ ஒயிட்', கிரிம் உடன்பிறப்புகள் தொகுத்த கதை. 'பினோக்கியோ', இத்தாலிய எழுத்தாளர் கார்லோ கொலோடி 1881 முதல் 1883 வரை சிறுவர் இதழில் தொடராக எழுதிய கதை. 'சிண்ட்ரெல்லா' (1950), பிரான்சு நாட்டின் சார்ல் பெரோ 1697இல் அச்சேற்றிய கதை. 'ஆலிசின் அற்புத உலகம்' (1951), லூயிஸ் கரோல் 1865இல் எழுதியது. 'உறங்கும் அழகி' (1959) படத்திற்குக் கதை பெரோவுடையது. இசை, ருசிய இசையறிஞர் சைக்கோவ்ஸ்கியின் நாட்டிய இசையைத் தழுவியது. 'ஜங்கிள் புக்' (1967), கிப்ளிங் 1894இல் வெளியிட்ட நூல். 'கடற்கன்னி' (1989), டென்மார்க்கின் ஆண்டர்சன் 1837இல் எழுதியது. 'அழகியும் கொடுவிலங்கும்' (1991) பிரெஞ்சுக் கதை. 'முலான்' (1998) சீன மக்களின் பழம்பாடல். 'ஃபுரோசன்' (2013) ஆண்டர்சனின் பனி அரசிக் கதையிலிருந்து கிளைத்தது.

'அலாவுதீன்' (1992) எங்கிருந்து வந்தது தெரியுமா? சிரியாவின் அலெப்போ நகரைச் சேர்ந்த அன்னா தியாப் என்னும் இளைஞர் 1709இல் பாரிஸ் நகரில் அந்தோவான் கலான் என்ற மொழிபெயர்ப்பாளரிடம் வாய்மொழியாகச் சொன்ன கதை அது. கலான் எழுதி வெளியிட்டார். நெடுங்காலம் தியாபின் பெயர் எவருக்கும் தெரியவில்லை. ஓர் அலெப்போ இளைஞரின் வாய்ச்சொல், பிரெஞ்சு நூலாகி, ஆங்கிலத்திற்குப் போய், கலிபோர்னியாவில் படமாகி, நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்துசேர்ந்தது. கதைகள் இப்படித்தான் பயணம் செய்கின்றன. வழியில் சுங்கச்சாவடி இல்லாததால்தான் அலாவுதீன் கலிபோர்னியா வரைக்கும் போக முடிந்தது.

எடுத்த கதைகளை மாற்றியதும் உண்டு. கிரிம் கதையில் அரசி மூன்று முறை வந்து இளவரசியைக் கொல்ல முயல்கிறாள். முத்தத்தால் இளவரசி எழுவதில்லை. பேழையைச் சுமந்தவர்கள் தடுக்கியதால் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியேறி எழுகிறாள். கொலோடியின் நூலில், அறிவுரை சொல்ல வந்த சிள்வண்டைப் பினோக்கியோ சுத்தியலால் அடித்துக் கொன்றுவிடுகிறான். டிஸ்னி படத்தில் அதே சிள்வண்டு பாட்டுப் பாடும் நண்பனாகி விடுகிறது. ஆண்டர்சனின் கடற்கன்னிக்குத் திருமணம் நடப்பதில்லை. இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான். அவனைக் கொன்றால் தான் பிழைக்கலாம் என்ற நிலையிலும் அவள் கொல்ல மறுத்துக் கடல்நுரையோடு கலக்கிறாள். அப்படத்தின் முடிவில் நாம் கண்ட திருமணம் கலிபோர்னியாக்காரர்களின் கற்பனை.

இப்படி மாற்றியதை நான் குறை சொல்லமாட்டேன். கிரிம் உடன்பிறப்புகளே தங்கள் கதையை மாற்றியவர்கள்தாம். 1812ஆம் ஆண்டின் முதற்பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லத் துடித்தவள் அவளைப் பெற்ற தாய். 1819ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். வாய்க்கு வாய் மாறுவதே கதையின் இயல்பு. கிரிம் மாற்றலாம், டிஸ்னி மாற்றலாம். அப்படியானால் அடுத்து வருபவரும் மாற்றலாம் அன்றோ? அங்கேதான் வேலி குறுக்கே வருகிறது.

வேலி எழுந்த வரலாறு

மிக்கி மவுஸ் புகழ்பெற்ற 'ஸ்டீம்போட் வில்லி' குறும்படம் 1928 நவம்பர் 18ஆம் நாள் வெளிவந்தது. அதன் தலைப்பே கடன்தான். பஸ்டர் கீட்டன் என்ற நகைச்சுவை நடிகரின் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' என்ற படம் அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன்பு வந்திருந்தது. அதன் பெயரைக் கேலியாகத் திருப்பித் தம் படத்திற்கு வைத்துக் கொண்டார்கள்.

மிக்கி பிறந்த கதையோ இன்னும் உருக்கமானது. அதற்கு முன்னர் வால்ட் டிஸ்னியும் அவருடைய நண்பர் அப் ஐவர்க்ஸும் 'ஆஸ்வால்டு' என்ற முயலை உருவாக்கியிருந்தார்கள். 1928இல் அந்த முயல் தமக்கு உரியதன்று, படத்தை விநியோகித்த நிறுவனத்துக்கே உரியது என்பதை வால்ட் அறிந்து மனம் உடைந்தார். தம் கையால் படைத்ததைத் தாம் தொட முடியாத நிலை! அந்த வேதனையிலிருந்துதான் மிக்கி பிறந்தது. ஆஸ்வால்டு மீண்டும் டிஸ்னி நிறுவனத்திற்குக் கிடைக்க 2006ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ 78 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. வேலிக்கு வெளியே நிற்பவனின் வலி என்னவென்று அந்நிறுவனத்தைவிட நன்றாக அறிந்தவர் யார்?

இனிச் சட்டத்துக்கு வருவோம். அமெரிக்க அரசமைப்புச் சட்டம், எழுத்தாளர்களின் உரிமையை ஒரு வரையறுத்த காலத்துக்கு மட்டுமே பாதுகாக்கலாம் என்கிறது. 1790இல் இயற்றிய முதல் பதிப்புரிமைச் சட்டம் 14 ஆண்டுகள் கொடுத்தது. வேண்டுமானால் மேலும் 14 ஆண்டுகள் புதுப்பிக்கலாம். 'ஸ்டீம்போட் வில்லி' வெளிவந்தபோது நடைமுறையில் இருந்த 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூடிய அளவு 56 ஆண்டுகள். அக்கணக்கின்படி அப்படம் 1984ஆம் ஆண்டு முடிவோடு மக்களின் பொதுச்சொத்தாகி இருக்க வேண்டும். 1976இல் சட்டம் திருத்தப்பட்டு அக்காலம் 75 ஆண்டுகள் ஆனது. கெடு 2003க்குத் தள்ளிப்போனது. 1998இல் மீண்டும் திருத்தப்பட்டு 95 ஆண்டுகள் ஆனது. கெடு 2023க்குப் போனது.

1998ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு ஆதரவு திரட்டிய நிறுவனங்களுள் டிஸ்னி முதன்மையான ஒன்று. இசைப் பதிப்பகங்களும் வேறு படநிறுவனங்களும் உடன் நின்றன என்பதும் உண்மையே. ஆயினும், மக்கள் அதற்கு 'மிக்கி மவுஸ் பாதுகாப்புச் சட்டம்' என்று பட்டப்பெயர் சூட்டியது காரணமின்றி அன்று. அச்சட்டத்தால் மிக்கி மட்டுமா அடைபட்டது? 1923 முதல் வெளியான ஆயிரக்கணக்கான நூல்களும் பாடல்களும் படங்களும் சேர்ந்தே அடைபட்டன. அவற்றுள் பல, உரிமையாளரே யாரென்று தெரியாமல் மறக்கப்பட்டவை. 1999 தொடங்கி 2018 முடிய இருபது ஆண்டுகள், காலம் முடிந்து அங்கே பொதுச்சொத்தாக வேண்டிய நூல்களும் படங்களும் ஒன்றுகூட அவ்வாறு ஆகவில்லை. ஒரு சுண்டெலியைக் காக்க ஊர்க் களஞ்சியம் முழுவதையும் பூட்டினார்கள்!

பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகப் பதிப்பித்து வந்த எரிக் எல்ட்ரெட் என்பவர் இச்சட்டத்தை எதிர்த்து வழக்காடினார். 2003 ஜனவரியில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஏழு நீதிபதிகளுக்கு இருவர் என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சட்டம் வென்றது. அறம் வென்றதா என்பது வேறு கேள்வி.

தனக்கொரு நீதி, ஊருக்கொரு நீதி

இதைவிட வேடிக்கையான செய்தி ஒன்று உண்டு. 'பேம்பி' படத்தின் மூலக்கதை ஆஸ்திரிய எழுத்தாளர் பெலிக்ஸ் சால்டன் எழுதி 1923இல் வெளியான நாவல். அந்நாவலின் உரிமை பெற்றிருந்த ஒரு பதிப்பகம் டிஸ்னி மீது வழக்குத் தொடுத்தது. அப்போது டிஸ்னி தரப்பு என்ன வாதிட்டது? அந்நாவலின் பதிப்புரிமை அமெரிக்காவில் என்றோ காலாவதியாகிவிட்டது, அது பொதுச்சொத்து, எவரும் எடுத்துக் கொள்ளலாம் என்று வாதிட்டது! 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்துவிட்டது.

கவனியுங்கள். 1996 வரை, பிறருடைய நூல் பொதுச்சொத்து என்று நீதிமன்றத்தில் வாதம். 1998இல், தன்னுடைய படம் பொதுச்சொத்தாகக் கூடாது என்று சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டல். இடையில் இரண்டே ஆண்டுகள். ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைப்பது என்று நம் முன்னோர் சொன்னது இதற்குத்தான் பொருந்தும்.

நூல்களோடு நிற்கவில்லை, மக்கள் வழங்கும் சொற்களுக்கும் வேலி எழுந்தது. 'அக்குனா மத்தாத்தா' என்பது கிழக்கு ஆப்பிரிக்காவில் சுவாகிலி மொழி பேசும் மக்கள் அன்றாடம் வழங்கும் தொடர். தொல்லை ஒன்றுமில்லை என்று பொருள். 'லயன் கிங்' (1994) படத்தில் அத்தொடரைப் பயன்படுத்திய நிறுவனம், ஆடைகளில் அதை அச்சிடும் வகைக்கு அமெரிக்காவில் வணிகச் சின்னமாகப் பதிந்து கொண்டது. 2018இல் இதை எதிர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணையத்தில் கையொப்பம் இட்டார்கள். வீட்டில் பேசுவதை இதனால் எவரும் தடுக்க முடியாது என்று சட்டம் அறிந்தோர் விளக்கினார்கள். சரிதான். ஆனால், 'கவலைப்படாதே' என்ற நம் சொல்லை அயல்நாட்டு நிறுவனம் ஒன்று சட்டைக்காகப் பதிந்து வைத்தால் நாம் சும்மா இருப்போமா?

2013இல் மெக்சிகோ மக்கள் தம் முன்னோரை நினைந்து கொண்டாடும் 'இறந்தோர் நாள்' திருவிழாவின் பெயரையே வணிகச் சின்னமாகப் பதிய டிஸ்னி விண்ணப்பித்தது. பின்னாளில் 'கோகோ' (2017) என்று வெளிவந்த படத்துக்கான முன்னேற்பாடு அது. எதிர்ப்பு வெடித்ததும் சில நாள்களில் விண்ணப்பத்தை மீட்டுக் கொண்டது. அதே 2013இல் 'ஸ்நோ ஒயிட்' என்ற பெயரையே படம், மேடை, தொலைக்காட்சி முதலிய கேளிக்கை வகைகளுக்கு அமெரிக்காவில் தன் சின்னமாகப் பதிவு செய்து கொண்டது. கிரிம் உடன்பிறப்புகளுக்குப் பிறர் வாய்மொழியாகச் சொன்ன பெயர்!

பள்ளிகளும் தப்பவில்லை. 1989இல் புளோரிடா மாநிலத்தின் ஆலண்டேல் என்ற ஊரில் மூன்று குழந்தைக் காப்பகங்கள் தம் சுவர்களில் மிக்கி முதலிய உருவங்களை வரைந்திருந்தன. அவற்றை அழிக்காவிட்டால் வழக்குத் தொடுப்போம் என்று நிறுவனம் எச்சரித்தது. படங்கள் அழிக்கப்பட்டன, போட்டி நிறுவனங்கள் முன்வந்து தம் கதைமாந்தர்களை அச்சுவர்களில் வரைந்து கொடுத்து நற்பெயர் பெற்றன. முப்பதாண்டு கழித்து, 2019 நவம்பரில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஒரு தொடக்கப்பள்ளியின் பெற்றோர்கள் நிதி திரட்டும் பொருட்டு 'லயன் கிங்' மறுபடைப்பைத் திரையிட்டார்கள். அதற்கு 250 டாலர் உரிமக் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தது. செய்தி பரவியதும் நிறுவனத்தின் தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டார். தம் சொந்தப் பணத்தில் நன்கொடை தருவதாகவும் சொன்னார். அவர் பண்பாளர்; அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அவர் மன்னிப்புக் கேட்டதால் விதி மாறிவிடவில்லை.

எதிர்வாதங்களுக்கு மறுமொழி

'உழைத்தவனுக்கு ஊதியம் வேண்டாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. கட்டாயம் வேண்டும். படைப்பாளி வாழும் காலத்தில் அவன் படைப்பைத் திருடுபவன் கள்வன்தான். ஆனால், 1998இல் கூட்டிய இருபது ஆண்டுகள் எந்தப் படைப்பாளிக்குச் சோறு போட்டன? வால்ட் டிஸ்னி 1966இல் மறைந்துவிட்டார். ஸ்நோ ஒயிட்டை வரைந்த ஓவியர்கள் சம்பளத்துக்கு வரைந்தவர்கள், உரிமை நிறுவனத்துடையது. அவ்வோவியர்களுள் பலர் 1941இல் ஊதியத்துக்காகவும் தொழிற்சங்க உரிமைக்காகவும் அதே நிறுவனத்தின் வாயிலில் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது என்பதையும் மறக்கலாகாது.

பதிப்புரிமை ஏழைக் கலைஞனைக் காக்கும் என்போர் சாலமன் லிண்டாவின் கதையைக் கேட்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் சூலு இனப் பாடகரான அவர் 1939இல் ஜொகானஸ்பர்கில் 'இம்பூபே' என்ற பாடலைப் பாடிப் பதிவு செய்தார். சொற்பத் தொகைக்கு உரிமையை விட்டுக்கொடுத்தார்; 1962இல் வறுமையில் மறைந்தார். அவர் மெட்டு அமெரிக்காவில் வேறு சொற்களோடு உலகப்புகழ் பெற்றது. 'லயன் கிங்' படத்திலும் ஒலித்தது. 2004இல் அவர் பிள்ளைகள் டிஸ்னி மீது வழக்குத் தொடுத்த பிறகே, 2006இல் இசை உரிமை வைத்திருந்த நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டு அக்குடும்பத்துக்குப் பங்கு கிடைத்தது. மெட்டைப் பறித்தவர்கள் முதலில் இசை வணிகர்கள்தாம்; பழி முழுவதையும் டிஸ்னி மேல் சுமத்த மாட்டேன். ஆனால், வலியவன் கையில் சட்டம் கோட்டையாக நிற்கிறது. எளியவனோ அதே சட்டத்தின் கதவைத் தட்ட அறுபது ஆண்டுகள் காத்திருக்க நேர்கிறது.

'பழைய கதைகள் இன்றும் பொதுவில்தானே கிடக்கின்றன? யார் வேண்டுமானாலும் எடுக்கலாமே?' என்பது அடுத்த வாதம். கிரிம் கதை பொதுவில் இருக்கிறது என்பது சரியே. நான் கேட்பது ஓடைநீரைப் பற்றி. முன்னோர் விட்டுச்சென்றதால் டிஸ்னிக்குக் கிரிம் கிடைத்தார். டிஸ்னி விட்டுச்செல்வதால் அடுத்த தலைமுறைக்கு என்ன கிடைக்கிறது? 1937ஆம் ஆண்டின் 'ஸ்நோ ஒயிட்' அமெரிக்காவில் 2033ஆம் ஆண்டில்தான் பொதுச்சொத்தாகும், 'பினோக்கியோ' 2036இல். நாவலை எழுதிய கொலோடி 1890இல் மறைந்தார். ஐம்பதே ஆண்டுகளில் டிஸ்னி அக்கதையைப் படமாக்கியது. அப்படத்தைப் பிறர் தொடுவதற்கோ 95 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

'வேலி இல்லையென்றால் நல்ல கதைகளைப் பாழ்படுத்துவார்களே?' என்பது மூன்றாவது வாதம். 2024 ஜனவரி முதல் நாள் 'ஸ்டீம்போட் வில்லி' ஒருவழியாகப் பொதுச்சொத்தானதும், அச்சுண்டெலியை வைத்துப் பேய்ப்படம் எடுக்கச் சிலர் கிளம்பியது உண்மையே. அதனால் மிக்கி அழிந்துபோனதா? கெட்ட படங்கள் தாமே மறையும். நல்ல படைப்புகளுக்கு என்ன ஆகும் என்பதற்கு 2022ஆம் ஆண்டே சான்று. அவ்வாண்டு ஒரே கதையில் இரண்டு பினோக்கியோக்கள் வெளிவந்தன. ஒன்று, டிஸ்னி தன் 1940ஆம் ஆண்டுப் படத்தையே நடிகர்களை வைத்துத் திரும்ப எடுத்தது. மற்றொன்று, மெக்சிகோ இயக்குநர் கியர்மோ தெல் தோரோ, பொம்மைகளைச் சிறிது சிறிதாக அசைத்துப் படம்பிடித்து எடுத்தது. முசோலினியின் கொடுங்கோலாட்சி நிலவிய இத்தாலியில் அக்கதையை நடத்தி, கீழ்ப்படிதல் என்பது எப்போதும் நற்பண்பாகுமா என்று கேட்டது. 2023இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கார் விருது அதற்கே கிடைத்தது. கொலோடியின் கதைக்கு வேலி இருந்திருந்தால் அப்படத்தை எடுக்க யாருடைய அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்?

இதுபோல் வேறும் உண்டு. 1957இல் சோவியத்து நாட்டுக் கலைஞர்கள் ஆண்டர்சனின் பனி அரசியை அழகிய படமாக்கினார்கள். ஜப்பானிய இயக்குநர் மியாசாகி கடற்கன்னிக் கதையிலிருந்து 'பொன்யோ' (2008) என்ற படத்தை உருவாக்கினார். அதில் கடற்கன்னி ஐந்து வயதுச் சிறுவனைத் தேடிவரும் ஒரு பொன்மீன். நம் மலேசியாவிலேயே, 2019இல் வெளிவந்த உப்பின் இப்பின் திரைப்படம் பாவாங் மேரா, மாட் ஜெனின் முதலிய மலாய் நாட்டுப்புறக் கதைமாந்தர்களை அழைத்துவந்து ஒரே காட்டில் நடமாடவிட்டது. பொதுக்கிணறு திறந்திருந்தால் எத்தனை வகைப் பயிர் விளைகிறது, பாருங்கள்!

இது நமக்கு எதற்கு?

அமெரிக்கச் சட்டம் நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டா. அச்சட்டம் வணிக உடன்படிக்கைகளின் வழியே நம் வாசலுக்கும் வந்தது. அமெரிக்காவுடன் சிங்கப்பூர் 2003இல் செய்துகொண்ட தடையற்ற வணிக உடன்பாட்டின் விளைவாக, அங்கே எழுத்தாளரின் பதிப்புரிமைக் காலம் அவர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகள் என்பதிலிருந்து 70 ஆண்டுகள் ஆயிற்று. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டம் 50 ஆண்டுகள் என்றே வகுத்தது. 2016இல் பன்னிரண்டு நாடுகள் கையொப்பமிட்ட பசிபிக் வட்டார வணிக உடன்படிக்கையில் 70 ஆண்டு விதி நுழைக்கப்பட்டிருந்தது. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. 2017இல் அமெரிக்கா விலகிக்கொண்டதால்தான் எஞ்சிய பதினொரு நாடுகள் அவ்விதியை நிறுத்தி வைத்தன. நம் முயற்சியால் தப்பியது என்று பெருமைப்பட ஒன்றுமில்லை.

இருபது ஆண்டுகள் என்றால் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு என்ன பொருள்? மறைந்த எழுத்தாளர் ஒருவரின் சிறுவர் கதையைப் பயிற்றியில் சேர்க்கவும், நாடகமாக்கி மேடையேற்றவும், மின்னூலாக்கிப் பகிரவும் இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டும் என்று பொருள். உரிமையாளர் யாரென்றே தெரியாத நூல்கள் அதற்குள் செல்லரித்துப் போய்விடும். டிஸ்னி படங்கள் எவ்வளவு காலம் ஆனாலும் அழியமாட்டா. காத்துக்கொள்ளப் பணம் இருக்கிறது. நம்முடையவை அப்படியல்ல.

ஆகவே, நம்மால் இயன்றவற்றைச் செய்வோம்.

1. படத்தைக் காட்டுவதற்கு முன்பு மூலக்கதையைச் சொல்லுங்கள். கடற்கன்னி ஏன் கொல்ல மறுத்தாள் என்று கேளுங்கள். நம் மாணவர்கள் அதற்குச் சொல்லும் விடைகள் எந்தப் படத்தைவிடவும் சுவையானவை.

2. ஒரே கதையின் இரண்டு வடிவங்களை ஒப்பிடச் செய்யுங்கள். மாறியது எது, ஏன் மாறியது என்று எழுதச் சொல்லுங்கள். கருத்துணர்தலுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை.

3. கதையை மாற்றிச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு என்பதை உணர்த்துங்கள். பச்சைப் பாவாடை தப்பில்லை என்று வகுப்பறையில் உரக்கச் சொல்லுங்கள்.

4. தோட்டப்புறங்களில் நம் பாட்டிமார் சொன்ன கதைகளைப் பதிவு செய்து பள்ளி இதழில் அச்சிடுங்கள். சொன்னவரின் பெயரை மறவாமல் போடுங்கள்; அன்னா தியாபுக்கு நேர்ந்தது நம் பாட்டிக்கு நேரக்கூடாது. கூடவே, யாரும் எடுத்தாளலாம் என்றும் அறிவித்துவிடுங்கள்.

5. நாம் உழைத்து ஆயத்தம் செய்யும் பயிற்றிகளையும் பயிற்றுத் துணைப்பொருள்களையும் பூட்டி வைக்காமல் பிற பள்ளிகளுக்குக் கொடுங்கள். டிஸ்னியின் வேலியைக் கண்டித்துவிட்டு நம் அலமாரிக்குப் பூட்டுப் போடுவது முறையன்று.

டிஸ்னி படங்களைப் புறக்கணியுங்கள் என்று நான் அறைகூவவில்லை. வால்ட் டிஸ்னி என்ற கலைஞர் தம் முன்னோர் திறந்து வைத்த கதைகளைக் கொண்டு பிள்ளைகளை மகிழ்வித்தார், அது தொண்டு. அவர் மறைந்த பிறகு அவர் பெயரில் இயங்கும் நிறுவனம் அத்தொண்டின் ஊற்றை அடைக்க முனைந்தது. அது வணிகப் பேராசை. முன்னதைப் போற்றுவோம், பின்னதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோம். கதை கேட்டு வளர்ந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல உரிமை உண்டு. அவ்வுரிமையைக் காப்பது ஆசிரியரின் கடமை.

மாற்றுக் கருத்துடையோர் தாராளமாக எழுதலாம். சிந்திப்போம், செயல்படுவோம்!